நம்பிக்கைக்கு வழி வேண்டும்

சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளும் பெற்றோரும்

சித்தூருக்குப் பக்கத்தில் இருக்கும் காணிப்பாக்கம் வரசித்தி விநாயகர் கோயிலின் தலபுராணம் மூன்று சகோதரர்களின் கதை. ஒருவருக்குக் கண் தெரியாது, ஒருவருக்குக் காது கேட்காது, ஒருவருக்குப் பேச்சு வராது. நீர் வற்றிய கிணற்றைத் தூர்வாரும்போது கடப்பாரை ஒரு கல்லில் பட்டு இரத்தம் பெருகியது, கிணற்று நீர் சிவந்தது, அந்தக் கணமே மூவரின் குறையும் நீங்கியது என்கிறது கதை. பேச்சு வராத பிள்ளையையும் நடக்காத பிள்ளையையும் தூக்கிக்கொண்டு இந்தக் கோயிலுக்கு வரும் குடும்பங்கள் கேட்டு வளர்ந்த கதை இது. அங்கிருந்து அவர்கள் திருமலைக்கும் போவார்கள். மொட்டை போடுவதாக வேண்டுதல் இருக்கும்.

எல்லோருக்கும் நினைவில் நிற்பது அற்புதம்தான். ஆனால் கதையின் முற்பகுதியையும் கவனிக்க வேண்டும். குறை நீங்குவதற்கு முன்பே அந்த மூவரும் சேர்ந்து நிலத்தில் பாடுபட்டு, கிணறு இறைத்து, பிழைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரால் முடியாததை இன்னொருவர் செய்தார். சிறப்புத் தேவையுள்ள குழந்தையை வளர்க்கும் குடும்பத்தின் நம்பிக்கையும் இப்படி இரண்டு வகை. ஒன்று, குறை நீங்கும் என்பது. மற்றொன்று, குறை இருக்கும்போதே பிழைத்துக்கொள்ள முடியும் என்பது. முதல் வகைக்குக் கோயிலும் மருத்துவமனையும் இருக்கின்றன. இரண்டாவது வகைக்கு இந்த வட்டாரத்தில் யார் துணை என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

வட்டாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1960இல் திருத்தணி உள்ளிட்ட பகுதிகள் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் சித்தூர், நகரி, புத்தூர், சத்தியவேடு, குப்பம் எனப் பல ஊர்களில் வீட்டில் தமிழும் வீதியில் தெலுங்கும் பேசும் குடும்பங்கள் ஏராளம். 2022 ஏப்ரலில் பழைய சித்தூர் மாவட்டத்தைப் பிரித்துத் திருப்பதி தனி மாவட்டம் ஆனது. மாநிலக் கணக்கில் இவர்கள் ஆந்திராக்காரர்கள். ஆனால் உடம்புக்கு ஒன்று என்றால் பஸ் ஏறுவது பெரும்பாலும் வேலூருக்கு. இந்த இரட்டை வாழ்க்கை சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளின் விஷயத்தில் வரமும் ஆகிறது, வம்பும் ஆகிறது.

எத்தனை பிள்ளைகள்?

2018இல் வெளியான இன்க்ளென் ஆய்வு, ஐதராபாத் உட்பட இந்தியாவின் ஐந்து இடங்களில் 2 முதல் 9 வயதுள்ள சுமார் 4,000 குழந்தைகளைப் பரிசோதித்தது. வலிப்பு, மூளைமுடக்குவாதம், ஆட்டிசம், அறிவுத்திறன் குறைபாடு, செவித்திறன் குறைபாடு, பார்வைக் குறைபாடு போன்றவற்றில் ஏதேனும் ஒன்று, ஆறு வயதுக்கு உட்பட்டவர்களில் 9.2 சதவீதத்தினருக்கும், 6 முதல் 9 வயதினரில் 13.6 சதவீதத்தினருக்கும் இருந்தது. நாற்பது பிள்ளைகள் படிக்கும் வகுப்பில் நாலைந்து பேர் என்று வைத்துக்கொள்ளலாம். ஆகவே இது ஊருக்கு ஒரு வீட்டின் துக்கம் அல்ல. தெருவுக்குத் தெரு இருக்கிற விஷயம்.

உதவி எவ்வளவு சென்று சேர்கிறது என்பதற்கு இன்னொரு கணக்கு. 2018 ஜூலை முதல் டிசம்பர் வரை தேசிய மாதிரி ஆய்வு நிறுவனம் நாடு முழுவதும் எடுத்த 76ஆவது சுற்றுக் கணக்கெடுப்பின்படி, மாற்றுத்திறனாளிகளில் 28.8 சதவீதத்தினரிடம்தான் சான்றிதழ் இருந்தது. 3 முதல் 35 வயது வரை உள்ளவர்களில் சிறுவயதில் பள்ளிக்கு முந்தைய பயிற்சி எதிலாவது சேர்ந்திருந்தவர்கள் 10.1 சதவீதம் மட்டுமே. பத்தில் ஒன்பது குடும்பங்கள் மிக முக்கியமான அந்த ஆண்டுகளைத் தாங்களாகவே கடந்திருக்கின்றன.

தள்ளிப்போகும் இரண்டு ஆண்டுகள்

நான்கைந்து மாதத்தில் தலை நிற்க வேண்டும். எட்டொன்பது மாதத்தில் உட்கார வேண்டும். ஒரு வயதில் மழலை, பதினாறு மாதத்துக்குள் ஒரு சொல்லாவது, இரண்டு வயதில் இரண்டு சொல் சேர்த்துப் பேச்சு. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க வேண்டும். இவை தாமதமானால் முதலில் கவனிப்பவள் பெரும்பாலும் தாய். அவளை முதலில் அடக்குவது வீடு. “இவங்க அப்பாவே மூணு வயசுலதான் பேசினான்” என்று மாமியார் சொல்வார். “ஆம்பளப் புள்ள லேட்டாத்தான் பேசும்” என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள். சில சமயம் மருத்துவரும் ஐந்து வயது வரை பார்க்கலாம் என்பார். எல்லாம் ஆறுதலுக்காகச் சொல்லப்படுபவை. அந்த ஆறுதலின் விலை ஓரிரண்டு ஆண்டுகள்.

ஆறுதல் பொய்த்த பிறகு பழி வருகிறது. கர்ப்பமாக இருந்தபோது கிரகணம் பார்த்தாய், பப்பாளி சாப்பிட்டாய் என்பதெல்லாம் தாயின் மேல்தான் விழும். அத்தை மகன், மாமன் மகள், அக்காள் மகள் என்று சொந்தத்தில் கட்டுவது இந்த வட்டாரத்தில் இன்றும் உண்டு. நெருங்கிய உறவுத் திருமணம் சில மரபணு நோய்களின் வாய்ப்பைக் கூட்டுவது உண்மை. ஆனால் பெற்றோர் இருவரிடமிருந்தும் ஒரே பழுதான மரபணு வந்தால்தான் அந்த நோய்கள் வெளிப்படும் என்பதும் அதே அளவு உண்மை. இதில் தாயை மட்டும் குற்றவாளி ஆக்க அறிவியலில் இடமே இல்லை. தவிர, உறவில் மணந்த பெரும்பாலோருக்கு ஆரோக்கியமான பிள்ளைகளே பிறக்கிறார்கள். பிரசவத்தின்போது மூச்சுத்திணறல், குறைமாதப் பிறப்பு, கடுமையான மஞ்சள் காமாலை, மூளைக்காய்ச்சல் எனக் காரணங்கள் பல. பல குழந்தைகளுக்குக் காரணம் தெரிவதே இல்லை.

இந்தத் தாமதத்தைத் தடுக்கத்தான் மத்திய அரசு 2013இல் ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்திய காரியக்ரம் திட்டத்தைக் கொண்டுவந்தது. பிறப்பு முதல் 18 வயது வரை, அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் மருத்துவக் குழு சென்று 30 வகைக் குறைகளைக் கண்டறிந்து, மாவட்ட ஆரம்பநிலை மையத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது ஏற்பாடு. காகிதத்தில் குறையில்லாத திட்டம். ஆனால் பேசாத பிள்ளையை வீட்டார் அங்கன்வாடிக்கே அனுப்புவதில்லை என்றால், குழு வந்து போனது தெரியாமலே போய்விடும்.

நம்பிக்கையைப் பற்றி ஆய்வுகள் சொல்வது

“பேரண்ட்ஸ் ஏத்துக்க மாட்டேங்கறாங்க” என்பது இந்தத் துறையில் அடிக்கடி கேட்கும் குறை. அந்தக் குறைக்கு 1962இலேயே பதில் சொன்னவர் சைமன் ஒல்ஷான்ஸ்கி என்ற அமெரிக்கர். அறிவுத்திறன் குறைந்த பிள்ளைகளின் பெற்றோரோடு பல ஆண்டுகள் வேலை செய்தவர் அவர். இந்தத் துக்கம் ஆறித் தீரும் துக்கம் அல்ல, வாழ்நாள் முழுக்க அவ்வப்போது தலைதூக்கும், அது நோயும் அல்ல, மனக்கோளாறும் அல்ல, இயல்பு என்றார். பக்கத்து வீட்டுப் பிள்ளை பள்ளிக்குப் போகும் முதல் நாள், தங்கை பெரியவளாகும் நாள், அண்ணன் மகனுக்குப் பெண் பார்க்கும் நாள் என்று அது திரும்பத் திரும்ப வரும். அழுகிற தாய் ஏற்றுக்கொள்ளாதவள் என்று பொருள் இல்லை. காலையில் அழுதுவிட்டு மத்தியானம் பிள்ளைக்குப் பயிற்சி கொடுக்கிறவர்கள்தான் அதிகம்.

நம்பிக்கை எதனால் ஆனது என்ற கேள்விக்கு 1990களில் உளவியலாளர் சி.ஆர். ஸ்னைடர் தந்த விடை பயனுள்ளது. எட்ட வேண்டிய இலக்கு, அங்கே போகும் வழி, போக முடியும் என்ற உறுதி ஆகிய மூன்றும் சேர்ந்ததே நம்பிக்கை என்றார். இந்த வரையறையை வைத்துப் பார்த்தால் நம் பெற்றோரிடம் உறுதிக்குக் குறைவில்லை. திருமலைப் படிகளை இடுப்பில் பிள்ளையோடு ஏறுகிறவர்களுக்கு மன உறுதி பற்றி வகுப்பு எடுக்க வேண்டியதில்லை. இலக்கு மங்கலாக இருக்கிறது. வழி பெரும்பாலும் இல்லவே இல்லை.

வழி இல்லாத இடத்தில் வியாபாரிகள் நுழைகிறார்கள். ஆட்டிசத்துக்கும் மூளைமுடக்குவாதத்துக்கும் ஸ்டெம்செல் ஊசி போட்டால் குணமாகும் என்று இலட்சக்கணக்கில் வாங்குவது அதில் பெரிய மோசடி. அங்கீகரிக்கப்பட்ட சில இரத்த நோய்களைத் தவிர மற்றவற்றுக்கு, முறையான ஆய்வுக்கு வெளியே ஸ்டெம்செல் சிகிச்சை தரக் கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் 2017 வழிகாட்டுதல் தெளிவாகச் சொல்கிறது. காட்டை விற்றும் நகையை அடகு வைத்தும் பணம் கட்டுகிற குடும்பத்தை அறியாமை என்று ஏசுவது எளிது. மருத்துவர் “ஒண்ணும் பண்ண முடியாது” என்று அனுப்பிவிட்டார், இன்னொருவர் “பண்ணலாம்” என்றார். எந்தப் பெற்றோரும் இரண்டாமவரிடம்தான் போவார்கள்.

அளவான உண்மை நம்பிக்கையைக் கொல்லாது என்பதற்கு மூளைமுடக்குவாத ஆய்வுகள் நல்ல சான்று. கனடாவைச் சேர்ந்த பீட்டர் ரோசன்பாம் குழுவினர் 2002இல் வெளியிட்ட வளர்ச்சி வரைபடங்கள், பாதிப்பின் ஐந்து நிலைகளுக்கும் தனித்தனியாக, குழந்தை நடப்பதிலும் நிற்பதிலும் எந்த வயதுக்குள் எவ்வளவு முன்னேறும் என்று காட்டின. இலேசான பாதிப்பு உள்ளவர்களும் ஐந்து வயதை ஒட்டியே தங்கள் அசைவுத்திறனின் தொண்ணூறு சதவீதத்தை எட்டிவிடுகிறார்கள். கடுமையான பாதிப்பு என்றால் மூன்று வயதுக்குள். கசப்பான செய்திதான். ஆனால் பத்து வயதுப் பையனை நடக்க வைக்க இன்னும் ஐந்து ஆண்டு அலைவதா, சக்கர நாற்காலி வாங்கிப் பள்ளிக்கு அனுப்புவதா என்று தீர்மானிக்க அந்தச் செய்தி தேவை. அதே ரோசன்பாம் 2012இல் சக ஆய்வாளர் கோர்ட்டருடன் சேர்ந்து எழுதியபோது, குணமாக்குவதை விட்டு ஆறு விஷயங்களைக் கவனிக்கச் சொன்னார். அன்றாடச் செயல், குடும்பம், உடல்வலு, விளையாட்டு, நட்பு, எதிர்காலம். நம் மருத்துவர்களின் சீட்டில் இந்த ஆறில் ஒன்றுகூட இடம்பெறுவது அபூர்வம்.

தாயே ஆசிரியர்

குறை இருக்கும்போதே பிழைத்துக்கொள்ள யார் துணை என்ற கேள்விக்கு நமக்கு மிக அருகில் ஒரு நல்ல பதில் கிடைத்தது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் பாகாயத்தில் இருக்கிறது. அதன் குழந்தைகள் பிரிவான நம்பிக்கை நிலையத்தில் பிள்ளைக்கு மட்டும் பயிற்சி தருவதில்லை. குடும்பத்தார் கூடத் தங்கிக் கற்றுக்கொள்கிறார்கள். அங்கே பால் ரசல் குழுவினர் நடத்திய ஆய்வு 1999இல் பிரிட்டிஷ் உளமருத்துவ இதழில் வெளியானது. அறிவுத்திறன் குறைந்த குழந்தைகளின் பெற்றோர் 57 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினருக்குப் பத்து வாரம், கேட்டும் பேசியும் அனுபவத்தைப் பகிர்ந்தும் கற்கும் குழு வகுப்பு. மற்றவர்களுக்கு வழக்கமான விளக்கம்.

குழு வகுப்பில் இருந்தவர்களுக்குக் குறைபாட்டைப் பற்றிய அறிவு கூடியது. பிள்ளை வளர்ப்பில் நோக்கு மாறியது. பயிற்சி தருவதைப் பற்றிய எண்ணம் மேம்பட்டது. ஆனால் குறைபாட்டின் மீதான மனப்பான்மை மட்டும் மாறவில்லை. இந்த முடிவை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். பிள்ளைக்கு இப்படி ஆகியிருக்கக் கூடாது என்ற எண்ணம் அப்படியே இருக்க, நாளைக்கு என்ன செய்யலாம் என்பதில் அந்தப் பெற்றோர் முன்னேறினார்கள். ஆக, முதலில் ஏற்றுக்கொள், பிறகு கற்றுத் தருகிறோம் என்பது தலைகீழ்ப் பாடம். கையில் வேலை கிடைத்தால் மனம் தன் பாட்டில் தனக்குரிய நேரத்தை எடுத்துக்கொள்ளும்.

அந்த வேலை எப்படி இருக்கும்? எலாஸ்டிக் வைத்த டிரவுசரைத் தானே போடக் கற்றுத் தருவதை எடுத்துக்கொள்வோம். உட்காருவது, இடுப்புப் பட்டையைப் பிடிப்பது, வலது காலை நுழைப்பது, இடது காலை நுழைப்பது, முட்டி வரை இழுப்பது, எழுந்து நிற்பது, இடுப்பு வரை ஏற்றுவது என்று ஏழு படிகள். கற்றுத் தருவது கடைசிப் படியிலிருந்து. முதல் வாரம் ஆறு படிகளையும் தாயே செய்து, தொடை வரை ஏற்றிவிட்டு, பிள்ளையின் இரண்டு கட்டைவிரலையும் பட்டைக்குள் வைத்துவிடுகிறாள். மேலே இழுப்பது மட்டும் அவன் வேலை. இழுத்ததும் டிரவுசர் போட்டாயிற்று, கைதட்டல் கிடைக்கிறது. அடுத்த வாரம் முட்டியிலிருந்து. அதற்கடுத்து நிற்பதிலிருந்து. ஒவ்வொரு நாளும் பிள்ளை முடித்த வேலையோடு எழுகிறான், முடியாத வேலையோடு அல்ல. மூன்று நான்கு மாதத்தில் ஏழு வயதுப் பையன் தானே உடுத்துகிறான். எந்த மருத்துவ அறிக்கையிலும் வராத இந்தச் செய்தியை அந்தத் தாய் ஊரெல்லாம் சொல்வாள்.

திருப்பதியிலும் இதே பாதையில் ஒரு முயற்சி உண்டு. திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் ஸ்ரவணம் திட்டம், காது கேளாத சின்னஞ்சிறு குழந்தைகளுக்குக் கருவியும் பேச்சுப் பயிற்சியும் தருவதோடு தாய்மாரையும் கூட உட்கார வைத்துப் பழக்குகிறது. காது கேளாதோர் பள்ளி, மாற்றுத்திறனாளிகளுக்கான பயிற்சி நிலையம், எலும்பு மூட்டு அறுவை சிகிச்சைக்கும் மறுவாழ்வுக்கும் பெயர்பெற்ற பர்ட் மருத்துவமனை ஆகியவையும் தேவஸ்தானத்துடையவை. உண்டியல் பணம் இந்த வழியிலும் மக்களிடம் திரும்புகிறது. இருந்தாலும் இவை பெரும்பாலும் காதுக்கும் காலுக்குமான ஏற்பாடுகள். ஆட்டிசம், அறிவுத்திறன் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு இதே அளவில் ஏற்பாடு வேண்டும்.

அதற்குப் பெரிய பட்டம் பெற்ற நிபுணர்கள் தெருவுக்கு ஒருவர் தேவையா? தேவையில்லை என்று காட்டியது கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் நடந்து 2016இல் லான்செட் உளமருத்துவ இதழில் வெளியான ஆய்வு. ஆட்டிசம் உள்ள 65 குழந்தைகளின் பெற்றோருக்கு, பயிற்சி பெற்ற சாதாரணப் பணியாளர்களே வழிகாட்டினார்கள். பிள்ளை காட்டும் குறிப்பறிந்து பெற்றோர் பதில் தருவது கூடியது, பிள்ளை தானாகத் தொடர்பு கொள்வதும் கூடியது. தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் 1981இல் எஸ். ராமகிருஷ்ணன் தொடங்கிய அமர் சேவா சங்கமும், கிராமத்துப் பணியாளர்களை வீடு தேடி அனுப்பி, நிபுணர்கள் பின்னாலிருந்து வழிநடத்தும் முறையில் வேலை செய்கிறது. நகரி, பலமநேர், புங்கனூர் பக்கத்துக் கிராமங்களில் இது நடக்கக் கூடாது என்று எந்த விதியும் இல்லை.

எந்த மொழியில் பேசுவது?

எல்லைப்புறக் குடும்பங்களுக்கென்றே ஒரு சங்கடம் உண்டு. வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, கான்வென்டில் இங்கிலீஷ். பிள்ளை பேசவில்லை என்றதும் கிடைக்கும் முதல் அறிவுரை, ஒரே மொழியில் பேசுங்கள் என்பது. அது பெரும்பாலும் பள்ளியின் மொழியாகவே இருக்கும். தமிழைத் தவிர வேறெதிலும் தாலாட்டவோ கோபிக்கவோ தெரியாத தாய், பழக்கமில்லாத மொழியில் நாலு சொல்லோடு நிறுத்திக்கொள்கிறாள். பாட்டியோ பேசுவதையே விட்டுவிடுகிறாள். பேச்சு வர வேண்டிய பிள்ளையைச் சுற்றி வீடே மௌனமாகிறது.

இந்த அறிவுரைக்கு ஆதாரம் இல்லை. இரு மொழிச் சூழலில் வளரும் டவுன் நோய்க்குறி உள்ள குழந்தைகளை ஆராய்ந்து 2005இல் கே-ரெய்னிங் பேர்டு குழுவினர் வெளியிட்ட முடிவு, இரண்டாவது மொழி அவர்களின் முதல் மொழியைக் கெடுக்கவில்லை என்பது. ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடம் பின்னர் நடந்த ஆய்வுகளும் இதையே சொல்கின்றன. வீட்டார் தங்களுக்கு நன்றாக வரும் மொழியில் நிறையப் பேசுவதே மருந்து. இதே காரணத்தால், சான்றிதழுக்காக அறிவுத்திறன் சோதனை செய்யும்போதும் பிள்ளைக்குத் தெரிந்த மொழியில்தான் கேட்க வேண்டும். தமிழில் “தண்ணி எங்கே” என்றால் சொம்பைக் காட்டும் பிள்ளை, தெலுங்கில் கேட்டால் விழிக்கலாம். அதைக் குறைபாட்டின் கணக்கில் எழுதிவிடக் கூடாது.

தூரம், செலவு, சான்றிதழ்

சித்தூரிலிருந்து வேலூர் ஏறக்குறைய 35 கிலோமீட்டர். திருப்பதியிலிருந்து பாகாலா, சித்தூர் வழியாகக் காட்பாடிக்கு ரயில் இருக்கிறது. அறிவுத்திறன் குறைபாடு உள்ளவருக்கும் கூட வருபவருக்கும் இரண்டாம் வகுப்பிலும் ஸ்லீப்பரிலும் கட்டணத்தில் 75 சதவீதம் சலுகை உண்டு. ஆனால் செலவு டிக்கெட்டில் இல்லை. நகரியில் விசைத்தறி ஓட்டும் தகப்பன் ஒரு நாள் லீவு போட்டால் அன்றைய கூலி போயிற்று. மாம்பழ சீசனில் பல்ப் ஃபேக்டரிக்குப் போகும் தாய்க்கும் அதே கதி. வாரம் இரண்டு நாள் தெரபி என்று எழுதித் தருவது எளிது. மாதம் எட்டுக் கூலியை இழக்கும் குடும்பத்தால் எத்தனை மாதம் வர முடியும்? பாதியில் நின்றுவிட்டார்கள் என்று கோப்பில் எழுதப்படுபவர்களில் பலர் நம்பிக்கை இழந்து நின்றவர்கள் அல்ல, கூலி இழந்து நின்றவர்கள்.

ஆந்திர அரசின் ஓய்வூதியம் இந்த இடத்தில் உண்மையான ஆதரவு. 2024 ஜூலையிலிருந்து மாற்றுத்திறனாளிகளுக்கு மாதம் 6,000 ரூபாயும், முழுமையாகப் பாதிக்கப்பட்டுப் படுக்கையில் இருப்பவர்களுக்கு 15,000 ரூபாயும் வழங்கப்படுகிறது. பணம் வீட்டு வாசலுக்கே வருகிறது. எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டில் பராமரிப்புத் தொகை 2,000 ரூபாயாக இருந்தபோது வந்த உயர்வு இது. இந்தத் தொகை பிள்ளையின் தெரபிக்கும் சத்துணவுக்கும் போனால் பெரிய விஷயம். குடும்பக் கடனில் கரைந்தாலும் குறை சொல்ல முடியாது. அந்தக் கடனில் பாதி இந்தப் பிள்ளைக்காக வாங்கியதாகத்தான் இருக்கும்.

பணத்துக்கு வாசல் சதரம் எனப்படும் மாற்றுத்திறன் சர்டிபிகேட். முகாமுக்கு ஸ்லாட் பதிவு செய்து, தேதி வாங்கி, அரசு மருத்துவமனைக்குப் பிள்ளையோடு போய், 40 சதவீதத்துக்குக் குறையாத பாதிப்பு என்று மருத்துவர் குழு எழுதித் தர வேண்டும். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பழைய சட்டத்தின் ஏழு வகைகளை 21 ஆக விரித்து, ஆட்டிசத்தையும் கற்றல் குறைபாட்டையும் சேர்த்தது நல்ல மாற்றம். எனினும் இந்தச் சதவீதக் கணக்கு ஒரு விபரீதத்தையும் உண்டாக்குகிறது. பயிற்சியால் பிள்ளை தேறிவிட்டால் சதவீதம் குறைந்து பென்ஷன் நின்றுவிடுமோ என்று பெற்றோர் அஞ்சுகிறார்கள். முன்னேற்றத்தைப் பார்த்துப் பயப்பட வைக்கும் ஒரு முறை, நம்பிக்கைக்குத் துணை என்று சொல்லிக்கொள்ள முடியாது.

பள்ளி

அதே சட்டத்தின் 31ஆவது பிரிவு, 40 சதவீதத்துக்குக் குறையாத பாதிப்புள்ள 6 முதல் 18 வயதுப் பிள்ளைகளுக்கு அருகிலுள்ள பள்ளியிலோ, விரும்பினால் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி உரிமை தருகிறது. ஆந்திராவில் சமக்ர சிக்ஷா திட்டத்தின் கீழ் மண்டல அளவில் பவிதா மையங்கள் இருக்கின்றன. சிறப்பு ஆசிரியர்கள் அங்கே பயிற்சி தருகிறார்கள், வர முடியாத பிள்ளைகளின் வீட்டுக்கும் போகிறார்கள். இந்த வட்டாரத்துப் பெற்றோருக்கு மிக அருகில் இருக்கும் கதவு இதுதான். தனியார் தெரபி சென்டர் தேடிக் கடன் வாங்குவதற்கு முன் தங்கள் மண்டலத்துப் பவிதா மையத்தில் விசாரிப்பது நல்லது.

சேர்த்துக்கொள்வது வேறு, கற்றுத் தருவது வேறு. கடைசி பெஞ்சில் உட்கார வைத்து மதியச் சாப்பாடு போட்டு அனுப்பினால் வருகைப் பதிவேடு நிறையும், அவ்வளவுதான். பெற்றோர் பள்ளியிடம் கேட்க வேண்டிய கேள்வி “என் பிள்ளை பாஸ் ஆவானா” என்பதல்ல. “இந்த டெர்மில் இவன் எதைப் புதிதாகக் கற்கப்போகிறான், அதை வீட்டில் நாங்கள் எப்படித் தொடர வேண்டும்” என்பது. இதற்குப் பதில் சொல்லும் ஆசிரியர் கிடைத்தால் அந்தக் குடும்பத்துக்குப் பாதிச் சுமை குறையும்.

எங்களுக்கு அப்புறம் யார்?

பிள்ளை வளர வளர மற்றக் கேள்விகள் சுருங்கி இந்த ஒன்று பெரிதாகிறது. சித்தூர் வீடுகளில் இதற்கு வழக்கமான பதில் தம்பியோ தங்கையோ. அந்தப் பிள்ளைகளிடம் யாரும் கேட்பதில்லை. தங்கையின் கல்யாணம் தடைபடும் என்று வரன் வீட்டார் வரும் நாளில் அண்ணனை உறவினர் வீட்டுக்கு அனுப்புவதும் நடக்கிறது. பிற்காலத்தில் பார்த்துக்கொள்ள வேண்டிய தங்கைக்கு நாம் தரும் முதல் பாடம், இவன் மறைக்கப்பட வேண்டியவன் என்பது.

சட்டத்தில் சில ஏற்பாடுகள் உண்டு. ஆட்டிசம், மூளைமுடக்குவாதம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்குமாக 1999இல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வந்தது. 18 வயது ஆனதும் பெற்றோர் தாமாகவே சட்டப்படி காப்பாளர் ஆகிவிட மாட்டார்கள் என்பது பலருக்குத் தெரியாது. மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர் நிலைக் குழுவிடம் விண்ணப்பித்துக் காப்பாளரை நியமிக்க வேண்டும். அந்த அறக்கட்டளையின் நிராமயா காப்பீடு ஆண்டுக்கு ஒரு இலட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவையும் தெரபியையும் ஏற்கிறது. வருமான வரி கட்டுவோருக்கு 80டிடி பிரிவில், கணக்கைப் பழைய முறையில் தாக்கல் செய்தால், பாதிப்பின் அளவைப் பொறுத்து 75,000 அல்லது 1,25,000 ரூபாய் கழிவு கிடைக்கும்.

சட்டம் காகிதம் தரும், வேலை தராது. வேலைக்கு இந்த வட்டாரத்தில் வாய்ப்பு இல்லாமல் இல்லை. ஏகாம்பரகுப்பத்தில் தறிக்குத் தார் சுற்றுவது, மாட்டுப் பண்ணையில் தீவனம் வைப்பது, மாம்பழம் தரம் பிரிப்பது, திருப்பதியில் பூக்கட்டுவது, கடையில் சரக்கு அடுக்குவது என்று ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யும் வேலைகள் பல. டிரவுசர் போடுவதைப் போல இவற்றையும் படிப்படியாகக் கற்றுத் தரலாம். பதினெட்டு வயதில் யோசிப்பதை விடப் பதினான்கில் தொடங்குவது நல்லது.

இந்தியாவில் இந்தத் துறையில் நிலைத்து நிற்பவற்றில் பலவற்றைத் தொடங்கியவர்கள் பெற்றோரே. சென்னையில் 1985இல் பூனம் நடராஜன் தொடங்கி வித்யாசாகராக வளர்ந்த நிறுவனமும், டெல்லியில் 1991இல் மெரி பருவா தொடங்கிய ஆக்ஷன் ஃபார் ஆட்டிசமும் தாய்மார்கள் உண்டாக்கியவை. பெற்றோர் சங்கங்களின் தேசியக் கூட்டமைப்பான பரிவார் 1995இல் உருவானது. ஒரே மண்டலத்தில் பத்துப் பெற்றோர் மாதம் ஒரு முறை கூடினால் போதும். யார் நல்ல தெரபிஸ்ட், எந்த நாளில் முகாம், எந்த ஊசி மோசடி என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஆட்சியர் அலுவலகத்தில் ஒற்றைத் தாய் கொடுக்கும் மனுவுக்கும் பத்துக் குடும்பங்கள் சேர்ந்து கொடுக்கும் மனுவுக்கும் உள்ள வித்தியாசம் அரசியல் தெரிந்த இந்த மாவட்டத்து மக்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

முடிவாக

குடும்பங்களின் நம்பிக்கைக்கு ஆதரவு என்றால் உற்சாகப் பேச்சு என்றே பலர் நினைக்கிறார்கள். இதுவரை பார்த்தவை அதை மறுக்கின்றன. இங்கே நம்பிக்கைக்குப் பஞ்சம் இல்லை, வழிக்குத்தான் பஞ்சம். ஆகவே கேட்க வேண்டியவையும் தெளிவானவை. அங்கன்வாடிப் பணியாளர், பேசாத பிள்ளையைத் தேடி வீட்டுக்குப் போக வேண்டும். பவிதா மையங்களில் பெற்றோருக்கும் வகுப்பு வேண்டும், தமிழ் பேசும் ஊர்களில் அது தமிழில் வேண்டும். அறிவுத்திறன் சோதனை பிள்ளையின் தாய்மொழியில் நடக்க வேண்டும். பயிற்சியால் தேறும் பிள்ளைக்கு அதற்காகவே உதவி நிற்காது என்ற உறுதி வேண்டும். தேவஸ்தானம் காதுக்கும் காலுக்கும் செய்ததை ஆட்டிசத்துக்கும் அறிவுத்திறன் குறைபாட்டுக்கும் செய்ய வேண்டும்.

பெற்றோருக்குச் சொல்ல இருப்பது ஒன்றுதான். வேண்டுதலை விட வேண்டாம், மருத்துவரையும் விட வேண்டாம். ஆனால் இரண்டின் பலனுக்காகவும் காத்திருக்க வேண்டாம். உங்கள் பிள்ளை தானே செய்யக்கூடிய ஒரு சின்ன வேலையை இன்றைக்கே தேர்ந்தெடுங்கள், அதன் கடைசிப் படியைக் கற்றுக்கொடுங்கள்.